பாலர் சபையும் பாலரும்

தமிழ் நாடக மேடையின் சென்ற நூற்றாண்டு வரலாற்றைப் பேசப் புகுவோர் எவரும் ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற சொல்லைத் தாண்டிப் போவதில்லை. எம். ஜி. ராமச்சந்திரன் அங்கே வளர்ந்தார், சிவாஜி கணேசன் அங்கே வளர்ந்தார், பி. யு. சின்னப்பா, என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எம். என். நம்பியார் என்று விரல் மடக்கிக்கொண்டே போகலாம். இப்பெயர்களைச் சொல்லி முடித்ததும் சொல்லுகிறவர் குரல் தழுதழுக்கும். “அவையல்லவோ நாடகப் பல்கலைக் கழகங்கள்!” என்று ஒரு பெருமூச்சு எழும். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும்.

அப்பெருமூச்சில் நாமும் பங்கு கொண்டவர்களே. ஆயினும், ஒரு பள்ளிக்கூடத்தின் பெருமையை அதில் தேறியவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி அளப்பது நியாயமான அளவையாகுமா என்ற ஐயம் நமக்கு வெகுநாளாக உண்டு. அங்கே என்னென்ன நாடகங்கள் நடந்தன, அவற்றை எந்த வயதுப் பிள்ளைகள் எந்த நேரத்தில் எந்த நிலையில் நடித்தார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி அந்தக் கலையின் உண்மை விளங்காதென்பது நம் துணிபு. ஆகவே எல்லாக் கம்பெனிகளையும் பொதுவாகப் பேசாமல், ஒரே கொடியில் வந்த இரண்டு சபைகளை எடுத்துக் கொள்ளுகிறோம். ஒன்று, 1918-ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. மற்றொன்று, அதிலே பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை.

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த வேண்டுமென்று பெரியவர்களுக்கு ஏன் தோன்றிற்று? சிறுவர்பால் கொண்ட பரிவினாலென்று எண்ணிவிடலாகாது. அக்காலத்து மேடை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற ஏற்பாட்டில் சிக்கிக் கிடந்தது. ஓரூரிலிருந்து ராஜபார்ட், மற்றோரூரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோரூரிலிருந்து பபூன் என்று ஒரே இரவுக்குப் பேசிக் கூட்டி வருவார்கள். ஒத்திகை கிடையாது. வந்தவர் ஒருவரையொருவர் பாட்டில் மடக்கப் பார்ப்பார்கள். கதையை விட்டுவிட்டுத் தர்க்கத்தில் இறங்குவார்கள். சிலர் மேடையேறும்போதே தள்ளாடிக் கொண்டிருப்பார்கள். கதாநாயகன் இறக்க வேண்டிய இடத்தில் இறக்க மறுத்து மேலும் ஒரு பாட்டுப் பாடினால் ஆசிரியன் என்ன செய்வான்? சுவாமிகள் நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை ஆக்கியவர். தம் நூல் கண்ணெதிரே கிழிபடுவதை எத்தனையோ இரவுகள் பக்கப் படுதாவின் ஓரத்தில் நின்று கண்டவர். எதிர்த்துப் பேசாத நடிகன் அவருக்கு வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசாதவன் சிறுவன்.

இன்னொரு காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. சிறுவனுக்குக் கூலி குறைவு. வீட்டிலே அடுப்பெரியாத தகப்பனுக்கோ விதவைத் தாய்க்கோ ஒரு சிறு தொகை கைக்கு வரும். பையனுக்கு இரண்டு வேளைச் சோறு நிச்சயம். எம். ஜி. ஆர். சகோதரர் இருவரையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அழைத்துச் சென்றது வறுமைதான். சிவாஜி கணேசன், தாய் தந்தையர் உயிரோடிருக்கையில், தம்மை அநாதை என்று சொல்லிக்கொண்டு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்ததைத் தாமே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவருக்கு அப்போது வயது சுமார் 7. நடிப்பாசை அவரை இழுத்ததென்பது மெய். அநாதை என்றால் எளிதில் சேர்த்துக்கொள்ளப்படலாம் என்று ஒரு சிறுவனுக்குத் தோன்றிய அந்தக் கம்பெனியின் இயல்பும் மெய்.

1918-இல் பெண் வேடத்துக்குப் பேர்போன நடிகரான கண்ணுசாமிப் பிள்ளை தம் புதல்வர்களைச் சுவாமிகளிடம் கொண்டுவந்து விட்டார். அவர்களுள் ஷண்முகத்துக்கு வயது 6. பின்னாளில் ‘ஔவை’ ஷண்முகம் என்று நாடெல்லாம் அறிந்த அவரே அந்த நாட்களை ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற பெரு நூலில் எழுதிவைத்துப் போனார். தமிழில் ஒரு நடிகர் எழுதிய நூல்களில் இதற்கு இணை சொல்ல நமக்கு வேறொன்று தோன்றவில்லை. குருவினிடம் அவருக்கிருந்த பக்தி பக்கந்தோறும் தெரியும். அந்த பக்தியைக் குறை கூற நாம் முன்வரவில்லை. பக்தியுள்ள மாணவன் சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வான்; அங்கே வாசகன் கண்ணைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

கம்பெனி வீட்டின் நாள் எப்படிக் கழியும்? விடியுமுன் எழுப்பிக் குரல் பயிற்சி. பின்னர் பாடம். பாடம் என்பது ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவது; தன் வசனத்தை மட்டுமின்றி அடுத்தவன் வசனத்தையும் நெட்டுருச் செய்வது. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் அவ்வேடத்துக்கு ஓட வேண்டுமல்லவா? இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு ஹார்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால் கோழி கூவும் நேரத்தில்தான் மங்களம் பாடுவார்கள். இடையிடையே தம் காட்சி வரும்வரை சிறுவர்கள் திரைச்சீலைச் சுருளின்மேல் அரிதாரத்தோடு தூங்குவார்கள். அடித்து எழுப்பி மேடைக்குத் தள்ளுவதும் உண்டு. அடி வாங்காமல் தேறிய பாய்ஸ் கம்பெனி நடிகர் ஒருவரையேனும் காண்பது அரிது. அடியைப் பிற்காலத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், கேட்பவரும் சிரிப்பார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு சுவாமிகளின் பெருமையைச் சொல்லாவிட்டால் நாம் நன்றி கெட்டவர்களாவோம். எழுத்தறியாத பிள்ளைகளின் நாவில் வெண்பாவையும் விருத்தத்தையும் சந்தி பிசகாமல் ஏற்றிவைத்தவர் அவர். வசனத்திலே எதுகை மோனை வந்து மோதும். பாட்டிலே சொல் உடையாது. ழகரம் சரியாக ஒலிக்காத பையன் அவரிடம் தேற முடியாது. பின்னர் வந்த தமிழ்த் திரைப்படத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் நடிகர் நாவில் நாம் கேட்ட தெளிந்த தமிழ் பெரிதும் இந்தக் கொட்டகைகளில் விளைந்ததே.

‘அபிமன்யு சுந்தரி’யின் கதை எல்லோரும் சொல்லுவது. அந்த நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக, அடித்தல் திருத்தலின்றி எழுதி முடித்தார் என்றும், அது சிறுவன் ஷண்முகத்தை அபிமன்யுவாக எண்ணியே எழுதப்பட்டதென்றும் வரலாறு. ஒரு புலவனின் பேராற்றலுக்குச் சான்றாகவே இது எடுத்துக்காட்டப்படுகிறது. நமக்கு அதில் வேறொன்றும் தென்படுகிறது. ஒரு குறிப்பிட்ட பையனின் குரல் எதுவரை ஏறும், எங்கே மூச்சு வாங்கும், எந்தச் சொல்லில் நா இடறும் என்பதைத் தன் கைரேகைபோல் அறிந்த ஆசிரியனாலன்றி அப்படி எழுத இயலாது. ஆசிரியன் நடிகனுக்காக அளவெடுத்து எழுதுவதும், நடிகன் அதை உடம்பில் அணிவதும் தமிழில் அதன்பின் அடிக்கடி நிகழவில்லை. இந்த நெருக்கமும் அந்த அடியும் ஒரே வீட்டில்தான் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு வழி தெரியவில்லை.

இனி நாடகங்களைப் பார்ப்போம். கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, சதி சுலோசனா, சதி அனுசூயா, பிரகலாதன், லவகுசா இவையே பெட்டியிலிருந்த சரக்கு. பட்டியலைப் படிக்கும்போதே ஒன்று கண்ணில் பட வேண்டும். கடைசி இரண்டைத் தவிர இவற்றுள் சிறுவர்களைப் பற்றியவை எவை? மனைவியின் கற்பு, கணவனின் பரத்தமை, வேடிச்சியிடம் முருகன் பேசும் காதற் பேச்சு, அர்ஜுனன் கொண்ட மையல் இவையெல்லாம் 9 வயதும் 11 வயதும் உள்ள பிள்ளைகளின் வாயில் வைக்கப்பட்டன. பால சபை என்ற பெயரில் ‘பால’ என்பது நடிப்பவரின் வயதைக் குறித்ததேயன்றிப் பார்ப்பவரின் வயதைக் குறித்ததன்று. சிறுவர் நடித்தார்கள், சிறுவருக்காக ஒரு நாடகமேனும் எழுதப்படவில்லை. தரையிலும் பெஞ்சியிலும் சோபாவிலும் அமர்ந்து நள்ளிரவு தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வயது வந்த ஆடவரும் பெண்டிரும். வள்ளியாக நின்ற பையன் தான் பாடும் சிருங்காரத்தின் பொருளறியாது பாடினான் என்பதே சபையோருக்கு ஒரு தனி ருசியாயிருந்தது. இந்த ருசியை நாம் மெச்சுவதற்கில்லை.

பிரகலாதனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தகப்பன் கேட்கிறான், ஆசிரியர் மிரட்டுகிறார், யானை வருகிறது, நஞ்சு வருகிறது, பிள்ளை தன் சொல்லை விடுவதில்லை. பெரியவருக்கு எதிரே சிறுவன் ஒருவன் இல்லை என்று சொல்லி நிலைக்கும் கதை நம் புராணங்களில் இதைப்போல் இன்னொன்று அரிது. கதையின் பக்தியை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால் இந்தப் பிரகலாதன் காட்சியை மேடையில் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் சொன்ன சொல்லுக்கு மறுசொல் சொன்னால் அடி விழும் கம்பெனியில் வளரும் பையன், மேடைமேல் ஆசிரியரை மறுத்துப் பாடுகிறான். அப்படி மறுப்பது எப்படி என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர். அதில் ஓர் எழுத்துப் பிசகினால் மறுநாட் காலையில் அவனுக்குப் பூசை.

இதற்கு நேரான இன்னொரு காட்சி அரிச்சந்திரனில் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் ஓயாது நடித்த கதை அது. தகப்பன் வாய்மையைக் காக்கத் தாயையும் மகனையும் விற்கிறான். லோகிதாசன் தர்ப்பை பறிக்கப் போய்ப் பாம்பு கடித்து மாண்டு கிடக்கிறான். கொட்டகையில் அழாத கண் இராது. விற்கப்பட்ட பிள்ளைக்காக அழுத அந்த ஜனங்கள், அந்த வேடத்தில் கிடந்த பையனும் ஒரு வகையில் கைமாறி வந்தவனே என்பதை நினைத்திருப்பார்களா?

1922 நவம்பர் 13-ஆம் நாள் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். அதற்கு முன்பே பக்கவாதம் அவரை வீழ்த்தியிருந்தது. நாவும் கையும் ஓய்ந்த நிலையிலும் அவர் கம்பெனியோடு ஊர் ஊராகச் சென்றார் என்பது நம்மை உருக்கும் செய்தி. சபை சில ஆண்டுகள் தடுமாறிற்று. 1925 மார்ச்சு 31-ஆம் நாள் சகோதரர்களின் சொந்த சபை உதயமாயிற்று. அன்று ஷண்முகத்துக்கு 13 வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. பாலர்களை வைத்து நடத்தும் சபை போய், பாலர்களும் பங்காளிகளாயிருந்த சபை வந்ததென்று சொல்லலாம். இந்த மாறுதலுக்கு உரிய கவனம் தரப்படவில்லை என்பது நம் எண்ணம். ஆறு வயதில் திரைச்சீலையின்மேல் தூங்கியவனே இப்போது திரைச்சீலையின் சொந்தக்காரன்.

இங்கேதான் பாய்ஸ் கம்பெனிகளின் உலகத்தில் எல்லோரும் அஞ்சிய ஒரு சொல்லை எடுத்தாக வேண்டும். மகரக்கட்டு. பையனுக்கு 14, 15 வயதாகும்போது குரல் உடையும். நேற்றுவரை ஐந்து கட்டையில் கம்பிபோல் நின்ற சாரீரம் இன்று பிளந்து கரகரக்கும். பாட்டே நாடகமாயிருந்த மேடையில் குரல் போனவனுக்கு வேலையென்ன? சேவகன் வேடம், பின்பாட்டு, திரை இழுத்தல். அதுவும் இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்டு. பி. யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் முன்னணியில் நின்றவர்; குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டு விலகி, தேகப் பயிற்சியிலும் சிலம்பத்திலும் நாட்களைக் கழித்தார். பின்னர் திரைப்படம் அவரை மீட்டது. மீளாதவர்கள் பலர். பள்ளிப் படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை. 15 வயதில் ஓய்வுபெற்ற கலைஞன் என்றொரு ஜாதியை வேறு எந்த நாட்டுக் கலை உண்டாக்கிற்றோ! வியூகத்துள் நுழையக் கற்று வெளியேறக் கல்லாதவன் என்று அபிமன்யுவைப் பாரதம் கூறும். சுவாமிகளின் நாடகம் அவன் திருமணத்தைப் பற்றியதே. ஆனால் அந்த வேடம் பூண்ட பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போது நமக்கு வியூகத்தின் நினைவுதான் வருகிறது.

1920-களின் பிற்பகுதியில் ஷண்முகானந்த சபைக்கு எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்தார். நடிகர் எம். கே. ராதாவின் தந்தை அவர். அவரோடு பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ முதலிய நாடகங்களும், ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களிலிருந்து ஆக்கிய ராஜாம்பாள், சந்திரகாந்தா, ராஜேந்திரா போன்ற சமூக நாடகங்களும் வந்தன. பாட்டுக் குறைந்தது, பேச்சு மிகுந்தது. மடங்களின் போலி வாழ்வும் வரதட்சணைக் கொடுமையும் மேடையேறின. புராணம் பின்வாங்கிச் சமூகம் முன்வந்தது என்று நாடக வரலாற்றாசிரியர் இதைப் பாராட்டுவர். சீர்திருத்த நோக்குடைய நாமும் பாராட்டுகிறோம்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். முதலியார் வந்தபோது சகோதரர்களும் அவர்களோடு வளர்ந்த முதல் அணிப் பையன்களும் மகரக்கட்டு வயதில் நின்றார்கள். பாடி நடிக்க முடியாதவன் பேசி நடிக்கலாம். ‘மனோகரா’வுக்கு வேண்டியது கம்பிக் குரலன்று, கொதிக்கும் குரல், வேண்டுமானால் கரகரப்பும் இருக்கலாம். உரைநடை நாடகம் இந்தச் சபையில் வேரூன்றியதற்குச் சமூக உணர்ச்சி ஒரு காரணம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பது மற்றொரு காரணம். இது நம் ஊகம். நாடகப் பட்டியலையும் நடிகர் வயதையும் சேர்த்துப் படித்தால் நேயர்களுக்கும் அப்படியே தோன்றுமென்று நம்புகிறோம். சின்னப்பா திரையிலே முதன்முதல் தோன்றியது 1936-இல் வந்த ‘சந்திரகாந்தா’வில் என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளலாம்.

இந்த ஊகம் சரியானால் சகோதரர்களின் தொண்டு பின்னும் உயருகிறது. குரல் உடைந்தவனை ஊருக்கு அனுப்பிவிட்டுப் புதுப் பையனைப் பிடித்து வந்து அதே வள்ளி திருமணத்தை நடத்திக்கொண்டிருப்பது எளிது; பல கம்பெனிகள் அதையே செய்தன. இவர்கள் நடிகனை மாற்றாமல் நாடகத்தை மாற்றினார்கள். 1931-இல் வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீர’னைத் ‘தேசபக்தி’ என்ற பெயரில் நடித்துப் பாரதியின் பாடல்களை மேடையில் முழங்கினார்கள். 1935-இல் ‘மேனகா’வில் திரைக்குப் போய் வந்தார்கள். வங்க நாவலொன்றைத் தழுவி முத்துசாமி எழுதிய ‘குமாஸ்தாவின் பெண்’ணில் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டு நடையை மேடைக்குக் கொணர்ந்தார்கள், 1941-இல் அது படமும் ஆயிற்று. கள்ளபார்ட்டும் அயன் ராஜபார்ட்டும் இல்லாத நாடகம். தர்பார்த் திரைக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் குமாஸ்தா நம் பக்கத்து வீட்டுக்காரன். அதை எழுதியவரும் நடித்தவர்களும் புராண நாடகத்தின் பாலர்களே என்பதுதான் வியப்பு.

வேறு வழியே சென்ற ஒரு சபையையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, தசாவதாரம், ராமதாஸ், ஏசுநாதர், சபரிமலை ஐயப்பன் என்று காட்சிப் பெருக்கிலும் கட்டுப்பாட்டிலும் பெயர் பெற்றது. கண்ணுக்கு விருந்து, அதற்கு மேல் நமக்குச் சொல்ல அதிகமில்லை.

1944 பிப்ரவரியில் சகோதரர்களின் முயற்சியால் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாடு கூடிற்று. அதையொட்டிச் சீர்திருத்தக்காரர்களிடையே பெரும் வாதம் எழுந்தது. புராண நாடகங்கள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றன, ஆகவே அவை ஒழிய வேண்டும் என்று ஒரு சாரார். கலையைக் கலையாகப் பாருங்கள் என்று மறுசாரார். அந்த வாதம் முழுதும் கதையைப் பற்றியது. மேடைமேல் யாரைப் பற்றிப் பேசலாம், ராமனைப் பற்றியா குமாஸ்தாவைப் பற்றியா என்பதே கேள்வி. மேடைக்குப் பின்னால் தூங்கி விழும் பையன் எந்தக் கட்சிக்கும் பொருளாகவில்லை. ஆலயப் பிரவேசத்துக்கும் விதவா விவாகத்துக்கும் நா வறளப் பேசிய நம் முன்னோர், தம் கண்ணெதிரே அரிதாரம் பூசி நின்ற குழந்தையைக் காணத் தவறினார்கள். இதை எழுதும்போது நமக்கே கூச்சமாயிருக்கிறது. ஏனெனில் அந்த மரபில் வந்தவர்களாக நாம் நம்மை எண்ணிக் கொள்ளுகிறோம்.

சட்டம் முந்திக் கொண்டது என்றுகூடச் சொல்லலாம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைத்துப் பெற்றோர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-இலேயே இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. இயற்றியவர்கள் மனத்திலிருந்தவை பீடிக் கொட்டடியும் கம்பளத் தறியும். நாடகக் கொட்டகையை யாரும் தொழிற்சாலையாக எண்ணவில்லை. அங்கே வெளிச்சம் இருந்தது, சங்கீதம் இருந்தது, கைதட்டலும் இருந்தது அல்லவா?

ஆதரித்துப் பேசுவோர் கூற்றையும் கேட்க வேண்டும். பசியால் வாடிய பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது. பள்ளிக்கூடம் பாராதவர்களுக்குத் தமிழ் கிடைத்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் பலர். வெளியே இருந்திருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று கேட்கிறார்கள். இதற்கு எளிய விடை இல்லை. ஒரு பெரும் நாட்டில் ஏழைக் குழந்தைக்குப் பசியா பாய்ஸ் கம்பெனியா என்ற இரண்டே வழிதான் இருந்ததென்றால், அந்த இரண்டில் கம்பெனி மேல் என்பதை யார் மறுப்பார்? ஆனால் அந்த விடை நாட்டைப் பற்றிய தீர்ப்பாகுமேயன்றிக் கம்பெனிக்குப் புகழ்மாலை ஆகாது.

இந்தக் கரையிலுள்ள நமக்கு இந்தக் கதையில் பங்கில்லையென்று எண்ண வேண்டாம். தமிழ் மேடைக்கு வண்ணத் திரைச்சீலையைத் தந்த பார்சி நாடகம்தான் 1870-களில் பினாங்குக்கும் வந்து, மலாய்க்காரர்களின் பங்சவானுக்கு வித்திட்டது. தமிழ்நாட்டு நாடகக் குழுக்களும் கப்பலேறி வந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நடித்தன. அந்தக் கொட்டகைகள் போயின. அங்கே பிறந்த ஒரு பழக்கம் மட்டும் நம் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் குடியிருக்கிறது. பெரியவர் எழுதிய பெரியவர் பேச்சைப் பிள்ளையின் வாயில் வைத்து, பெரியவர் உட்கார்ந்து ரசிப்பதுதான் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நம்மைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். மாலை 6 மணிக்குத் தொடங்க வேண்டிய விழா, தலைமை விருந்தினர் வரத் தாமதித்ததால் 8 மணிக்குத் தொடங்கிற்று. வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, பரிசளிப்பு, மறுபடியும் பொன்னாடை. மாணவர் நாடகம் வரும்போது மணி பத்தே முக்கால். கதை, குடிகாரத் தந்தை ஒருவன் குடும்பத்தைக் கெடுத்துக் கடைசியில் திருந்துவது. வசனமெல்லாம் பழைய திரைப்படத்தின் நடை. 10 வயதுள்ள பையன் மனைவியைத் தள்ளி உதைத்துப் பேசினான், சபையில் சிரிப்பு. மனைவியாக வந்த சிறுமி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள், மறுபடியும் சிரிப்பு. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட நாடகந்தான். எழுதிய ஆசிரியர் மாதக்கணக்கில் உழைத்திருந்தார் என்பதும் தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டில், தங்கள் பாடசாலையில், தங்கள் தெருவில் நிகழும் எதைப் பற்றியும் அந்த நாடகத்தில் ஒரு சொல் இல்லை. பிள்ளைகளையே கேட்டிருந்தால் என்ன கதை சொல்லியிருப்பார்கள்?

டி. கே. ஷண்முகம் தம் குருவின் எல்லா வழக்கங்களையும் அப்படியே பின்பற்றினவரல்லர் என்பதை மேலே காட்டினோம். முப்பதை எட்டிய வயதில் ஔவைக் கிழவியாக நடித்துப் பட்டப்பெயர் பெற்றார். 1955-இல் ராஜராஜ சோழனாக நின்றார். 1960-களில் சிறுவன் கமல்ஹாசனைத் தம் நாடகக் குழுவில் சேர்த்துப் பயிற்றினார். அந்தச் சிறுவன் பெரியவனாகி 1996-இல் பெண் வேடமிட்டு நடித்த படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தது அந்த நன்றியால். பாய்ஸ் கம்பெனி மரபின் கடைசிக் கண்ணி அதுதான் போலும். பயிற்சியென்றால் என்ன, பாத்திரத்தை உடம்பில் வாங்குவதென்றால் என்ன என்பதை அந்த மரபு அறிந்திருந்தது. நம் ஆண்டு விழாக்கள் அறியவில்லை. அந்த மரபின் கடுமையை விட்டோம், நல்லது. அதன் ஞானத்தையும் விட்டுவிட்டு, பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கும் அதன் பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

அன்றைய விழாவில் நாடகம் தொடங்குமுன் நாம் மேடையின் பின்புறம் சென்றிருந்தோம். தந்தையாக நடிக்க வேண்டிய பையன், மையால் வரைந்த மீசை கன்னமெல்லாம் ஈஷியிருக்க, அடுக்கி வைத்த நாற்காலிகளின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆசிரியை மெல்லத் தோளைத் தொட்டு எழுப்பினார். அவன் கண்ணைக் கசக்கினான். மீசை இன்னும் கலைந்தது. இரண்டு நிமிஷத்தில் மேடையேறி, ஒரு சொல்லும் தவறாமல் முழுவதையும் பேசி முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நாமும் கைதட்டினோம்.